ஓவசியர் வளவு

சபைக்கு இரண்டு மதிப்பீடு வேண்டுமாம்:
திருத்தினால் எவ்வளவு, இடித்தால் எவ்வளவு.
வெள்ளிக்கிழமைக்குள்.
நாடாவோடு வந்திருக்கிறேன்.
மறுமுனையைப் பிடிக்க வந்த டினோஜன்
பாம்பு கிடக்குமென்று
படியிலேயே நிற்கிறான்.

கல்லடி உப்போடையில்
இதற்குப் பெயர் ஓவசியர் வளவு.
கடைசி ஓவசியர் மாற்றலாகிப் போனது
எழுபத்தெட்டில், மாசி மாதம்.
அந்த வருசச் சூறாவளி
கூரையின் கிழக்குப் பாதியைத் தூக்கி
வாவியில் போட்டது. சபை தகரம் அடித்தது.
பிறகு சீருடைகள், ஒன்று போக இன்னொன்று.
பின்னறைச் சன்னலைக் கல்வைத்து அடைத்தது யாரென்று
கோப்பில் இல்லை. ஊரில் உண்டு.
நான் கேட்கவில்லை.
அகலம் பத்தடி, நீளம் பன்னிரண்டு
என்று மட்டும் எழுதினேன்.

சுவர் இரண்டடித் தடிப்பு, சுண்ணாம்புச் சாந்து.
தட்டிப் பார்த்தால் தெற்குப் பக்கம் திடம்,
வடக்குப் பக்கம் பப்படம்.
கடல் உள்ளிட்ட அன்று தண்ணீர் நின்ற உயரம்
என் நெஞ்சளவில் தவிட்டுக் கோடாய்க் கிடக்கிறது.
படிவத்தில் அதற்குப் பெயர் ஈரக்கசிவு.
மூன்றாம் அறையில் ஓர் ஆலங்கன்று
தரையைப் பிளந்து
ஒரு சிவப்புக் கல்லைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது,
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்.

மரம் பார்க்க வந்த செலர்
வளையில் உளியை அரை அங்குலம் இறக்கி
நுனியை முகர்ந்தார்.
"முதிரை, மிஸ். காட்டுக்குள்ளயும் இப்ப இல்ல.
வீட்ட விட வீட்டுட முகடு விலை கூட."
அப்படியானால் இடிப்பது இலாபம்.
அதையும் எழுதினேன்.

உறுப்பினர் பூபாலரத்தினத்துக்கு மூன்று மாடி வேண்டும்,
கீழே கடைகள், பின்னால் வாகனத் தரிப்பிடம்.
உறுப்பினர் மரியசீலனுக்கு நூதனசாலை,
சுற்றுமதில், இரும்புக் கேற், நுழைவுச்சீட்டு.
போன கூட்டத்தில் இருவரும் மேசையில் அடித்ததில்
தேத்தண்ணி சிந்தி
வரைபடத்தின் ஒரு மூலை பழுப்பாகிவிட்டது.

அந்த மூலையில் கிணறு இருப்பதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு
வேலியில் ஒரு தகரம் விலகியது.
குடத்தோடு ஒருத்தி.
சைக்கிளில் இரண்டு மஞ்சள் கேனோடு ஒரு பெடியன்.
பின்னால் இன்னும் நாலு பேர்.
என் கையில் நாடாவைக் கண்டதும்
களவு பிடிபட்டதுபோல நின்றுவிட்டார்கள்.

"பைப் தண்ணி வருதுதானே?"
"வருது மிஸ். குளிக்கலாம்."
பெயர் நேசமலர்.
இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உவர்த்துப்போன வருசம்
முதலில் தெளிந்தது இதுதானாம்.
"இடிக்கப் போறீங்களா, கட்டப் போறீங்களா?"
அது சபையின் முடிவு என்றேன்.
"எதெண்டாலும் கேற் போடுவீங்கதானே.
மறுகா வாளிக்கும் டிக்கெட் எண்டு கதைக்காங்க."
சிரித்தபடி கயிற்றை விட்டாள்.
கப்பி இல்லை. கயிறு உரசி உரசிக்
கட்டில் விரலாழப் பள்ளங்கள்.
பதினொன்று எண்ணினேன். எண்ணுவது என் தொழில்.

டினோஜன் பாம்பை மறந்து வந்து குடித்தான்.
நானும் குடித்தேன்.
உப்போடை என்று பேர் வைத்தவன்
இந்த வளவுக்குள் வரவில்லை.

இரவு, படிவம்.
திருத்த மூன்று கோடியே நாற்பது இலட்சம்.
இடிக்கப் பதினாறு; முதிரை இருபத்திரண்டுக்குப் போகும்,
சபைக்கு மிச்சம் ஆறு.
இரண்டிலும் பத்தொன்பதாம் வரி ஒன்றேதான்,
எப்போதோ அச்சடித்தது:
பாவனையற்ற கிணற்றை மண்ணிட்டு மூடுதல்.

"பாவனையற்ற" என்பதை வெட்டினேன்.
மிஞ்சியதை வாசித்தால் இன்னும் மோசம்.
வரி முழுவதையும் வெட்டி
ஓரத்தில் சிறு கையெழுத்து வைத்தேன்.
இரண்டு மொத்தத்திலும் நாற்பத்தோராயிரம் குறைந்தது.

வீட்டை என்ன செய்வதென்று
எனக்கு இன்னும் தெரியாது.
நாற்பத்தோராயிரம் எங்கே என்று
கணக்காளர் கேட்பார்.
ஐந்து மணிக்கு வரச் சொல்வேன்,
ஒரு போத்தலோடு.